தூண்டுதலும் உந்துதலும் ஒன்றா?

மெய்ப்புத் திருத்துபவர் (கேள்வி):

வணக்கம். உளவியல் நூல் ஒன்றின் கையெழுத்துப் படியைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒரே அத்தியாயத்தில் "வறுமை அவனைத் திருடத் தூண்டியது" என்றும், சில பக்கங்கள் தள்ளி "வறுமை அவனைத் திருட்டை நோக்கி உந்தியது" என்றும் வருகிறது. சீர்மை கருதி இரண்டையும் ஒரே சொல்லாக்கிவிடலாம் என்கிறார்கள். ஆனால் இரண்டாம் வாக்கியத்தைப் படிக்கும்போது அந்த மனிதன் மீது இரக்கம் கூடுகிறது. முதலாவதில் அது அவ்வளவாக இல்லை. இந்த வேறுபாடு சொற்களிலேயே இருக்கிறதா, அல்லது என் வாசிப்பில் மட்டும்தானா? விளக்க வேண்டுகிறேன்.

இயற்பியல் ஆசிரியை:

சொற்களிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. அவ்வினைகள் எவற்றைச் செயப்படுபொருளாக ஏற்கின்றன என்று பாருங்கள். இஞ்சி பசியைத் தூண்டும். நல்ல கேள்வி சிந்தனையைத் தூண்டும். மேடைப் பேச்சு பகையுணர்ச்சியைத் தூண்டும். இவ்விடங்களில் எங்கும் "உந்தும்" என்று எழுத முடியாது. பசியும் சிந்தனையும் பகையும் ஏற்கெனவே உள்ளே அடங்கிக் கிடப்பவை. தூண்டுவது அவற்றை எழுப்புகிறது. காற்று படகை உந்துகிறது என்னும்போதோ, படகுக்குள் எழுப்புவதற்கு எதுவும் இல்லை. விசை வெளியிலிருந்து வருகிறது, படகு இடம்பெயர்கிறது.

பாடநூல்களும் இந்த எல்லையைப் பெரும்பாலும் காத்திருக்கின்றன. 1831இல் ஃபாரடே கண்டறிந்ததை மின்காந்தத் தூண்டல் என்கிறோம். காந்தம் கம்பிச் சுருளைத் தொடுவதே இல்லை, ஆயினும் காந்தப்புலம் மாறும்போது சுருளில் மின்னோட்டம் எழுகிறது. உயிரியலில் தூண்டலுக்குத் துலங்கல், அதாவது உயிரி காட்டும் எதிர்வினை, உண்டு. ஏவூர்தியைப் பற்றிப் பேசும்போது மட்டும் உந்துவிசை, உந்துபொருள் என்கிறோம். மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ நிலையத்துக்கும் உந்துவிசை வளாகம் என்றே பெயர்.

பழைய இலக்கிய வாசகர்:

அம்மையார் கூறியதை ஏற்கிறேன். எனினும் பழந்தமிழில் வேலி இவ்வளவு உயரமாக இல்லை. விளக்குத் திரியை முன்னே தள்ளிச் சுடரைப் பெருக்குவதுதான் தூண்டுதல்; அதற்கான சிறு கோலே தூண்டுகோல். அச்செயலிலும் ஒரு தள்ளுதல் இருக்கிறது. நுந்து என்னும் பழைய வினை, தள்ளுதல், விளக்கைத் தூண்டுதல் ஆகிய இரு பொருளையும் சுமந்தது. கல்வெட்டுகளில் கோயிலுக்கு ஆடுகளைக் கொடுத்து, அவற்றின் நெய்யால் அணையாமல் எரியவிட்ட நுந்தா விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் கோல் சுடரை உண்டாக்குவதில்லை; எண்ணெயும் நெருப்பும் முன்பே இருந்தாக வேண்டும். சூதாடியைப் பற்றிய 931ஆம் குறளில், அவன் பெற்ற வெற்றியைத் தூண்டிற்பொன்னை மீன் விழுங்கியதற்கு வள்ளுவர் ஒப்பிடுவதும் இங்கே பொருந்துகிறது. தூண்டில் மீனைத் தள்ளுவதில்லை. மீனின் வேட்கையே மீனைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆகவே "திருடத் தூண்டியது" என்றால், திருடும் எண்ணத்துக்கு அவன் மனத்திலும் ஓர் இடம் இருந்தது என்ற குறிப்பு வந்துவிடுகிறது. உங்கள் இரக்கம் குறைந்ததற்கு அதுவே காரணம் என்று கருதுகிறேன்.

வழக்குரைஞர்:

சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கே இந்த வேறுபாடு ஒருவரின் விடுதலையையே தீர்மானிக்கும். இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 2023இன் 45ஆம் பிரிவு, ஒரு செயலைச் செய்யும்படி ஒருவரைத் தூண்டுவதை உடந்தைக் குற்றத்தின் முதல் வகையாக வைக்கிறது. தூண்டியவர் குற்றவாளி ஆவதால், தூண்டப்பட்டவர் தப்பிவிடுவதில்லை. செய்தவர் அவரே, விருப்பமும் அவருடையதே. 32ஆம் பிரிவு இதற்கு நேர்மாறானது. உடனடி மரணம் நேரும் என்று அஞ்சத்தக்க மிரட்டலால் வற்புறுத்தப்பட்டு ஒருவர் செய்த செயல், கொலையும் அரசுக்கு எதிரான மரண தண்டனைக் குற்றங்களும் நீங்கலாக, குற்றமாகாது. தாமாகவே போய் அந்த நிலைக்கு உட்பட்டவருக்கு இச்சலுகை இல்லை. உந்துதல் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பசியால் உந்தப்பட்டவர் குற்றத்திலிருந்து விலக்குப் பெறமாட்டார், ஆனால் தண்டனையின் அளவைக் குறைக்கக் கோரும்போது அந்தப் பசியை நீதிமன்றத்தின் முன் வைக்கலாம். இரு வாக்கியங்களையும் ஒன்றாக்கினால் நூலாசிரியரின் மதிப்பீடே மாறிவிடும். தயவுசெய்து அவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

மெய்ப்புத் திருத்துபவர்:

மூவருக்கும் நன்றி. படியை மீண்டும் பார்த்தேன். முதல் வாக்கியத்துக்கு முந்தைய பத்தி, கடைவீதியில் பிறர் வாங்கிச் செல்வதைக் கண்டு அவனுக்குள் வளர்ந்த ஆசையைப் பற்றியது. இரண்டாவதற்கு முந்தைய பத்தியில் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், மருந்துக்குப் பணம் இல்லை. ஆசிரியர் அறிந்தே எழுதியிருக்கிறார் என்று தோன்றுகிறது. இரண்டையும் இருந்தபடியே விட்டு, பக்க ஓரத்தில் அவருக்கு ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். முதல் வாக்கியத்தில் தூண்டியது வறுமையா, ஆசையா என்பதை மட்டும் அவர் தெளிவாக்க வேண்டும்.