நூறு நாள் வேலைப் பதிவேட்டை ஊர் பார்க்கலாமா, கூடாதா?

பென்னாகரத்தான்:
எங்கள் ஊராட்சியில் வாய்க்கால் தூர்வாரிய வேலைக்கு யார் யார் பெயரில் கூலி போனது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தேன். பெங்களூருவில் கட்டட வேலை செய்பவர்களுக்கு இங்கே வருகை போடுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. ஒரே வரியில் பதில் வந்தது: தனிநபர் தகவல், பிரிவு 8(1)(ஜெ)-இன்படி தர இயலாது.

முன்பு இந்தப் பிரிவில் ஓர் அளவுகோல் இருந்தது. பொதுப்பணியோடு தொடர்பே இல்லாத, அல்லது ஒருவரது அந்தரங்கத்தில் தேவையின்றி நுழைகிற தகவலைத்தான் மறுக்கலாம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 44(3) பிரிவால் இரண்டையும் வெட்டிவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. இப்போது மிஞ்சியிருப்பது "தனிநபர் தொடர்பான தகவல்" என்பது மட்டும்தான். பெயர் இல்லாத ஊழல் எங்கே இருக்கிறது? இது திருடனுக்குக் கட்டிய மதில்.

மொரப்பூர் மலர்:
ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் பதிவேட்டில் இருப்பது திருடன் மட்டுமல்ல. 2023 ஜனவரி முதல் வேலைத்தளத்தில் நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து, இட விவரத்தோடு செயலியில் ஏற்றுகிறார்கள். அது எவரும் பார்க்கக்கூடிய அரசு இணையத்தளத்தில் தெரிகிறது. கணவனின் அடிக்குத் தப்பித் தாய்வீடு வந்த பெண் இன்று எந்த ஏரிக்கரையில் மண் சுமக்கிறாள் என்பதை அவனால் கைப்பேசியிலேயே பார்க்க முடிகிறது. எப்போது எவ்வளவு கூலி ஏறியது என்பதைக் குழுக்கடன் வசூலிக்க வருபவரும் பார்க்கலாம். வேலை அட்டைப் பக்கத்தில் சாதிப் பிரிவு வேறு இருக்கிறது. 2012-இல் சாதி வன்முறையில் தலித் குடியிருப்பான நத்தம் காலனி எரிந்த தருமபுரி மாவட்டம் இது. இங்கே அது சாதாரண விவரம் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அது மண் சுமப்பவளுக்கும்தான்.

பென்னாகரத்தான்:
சகோதரி, இந்தச் சட்டம் அவளைக் காப்பாற்றவே இல்லையே! அவள் படம் இணையத்தளத்தில் அப்படியே இருக்கிறது. நான் கேட்ட தாளுக்குத்தான் பூட்டு. 1994-இல் ராஜஸ்தானின் கோட்கிரானா கிராமத்தில் மக்கள் விசாரணை நடத்தி, கூலிப் பதிவேட்டின் பெயர்களை ஊர் நடுவே வாசித்தார்கள். "நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை" என்று எழுந்து சொல்ல ஆள் இருந்தார்கள். தகவல் உரிமைச் சட்டமே அப்படிப்பட்ட விசாரணைகளிலிருந்து பிறந்ததுதான். பெயரை வாசிக்காமல் அது நடந்திருக்குமா?

மொரப்பூர் மலர்:
அங்கே வாசித்தது அந்த ஊருக்குள். கேட்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள், வாசித்து முடித்ததும் கலைந்து போனார்கள். இணையத்தில் ஏறிய பெயர் கலைவதில்லை. முன்பின் தெரியாத எவனும் எங்கிருந்தும் அதைத் தேடி எடுக்கலாம். 2017-இல் நூறு நாள் வேலைத் தளம் உட்பட நான்கு அரசுத் தளங்களில் சுமார் 13 கோடி ஆதார் எண்கள் வெளியே கிடந்தன என்று ஓர் ஆய்வு நிறுவனம் எடுத்துக் காட்டியது. கிராம சபையில் வாசியுங்கள், நானே வந்து உட்காருகிறேன்.

பென்னாகரத்தான்:
கிராம சபையில் முன்வரிசையில் உட்காருபவர் யார்? பொய் வருகை எழுதியவர். அவர் முகத்துக்கு நேரே எழுந்து கேட்க எத்தனை பேரால் முடியும்? யாரிடமும் அனுமதி கேட்காமல் ஏழை பார்க்கக்கூடிய ஒரே இடம் அந்த இணையத்தளம். படமும் வேண்டும். ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றுவதும், படத்தையே படம் எடுத்து ஏற்றுவதும் வெளியே தெரிந்தது எப்படி? எவரும் பார்க்கலாம் என்று இருந்ததால்தான். 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே இந்த மோசடிகளைப் பட்டியலிட்டுச் சுற்றறிக்கை அனுப்பியது.

ஊத்தங்கரை வழக்குரைஞர்:
இருவரும் இரண்டு பிரிவுகளை மறந்துவிட்டீர்கள். 8(2) இன்னும் இருக்கிறது: பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிதென்றால் விலக்கு பெற்ற தகவலையும் தரலாம். "தரலாம்" என்பதுதான் பலவீனம், அதை நான் மறைக்கவில்லை. பிரிவு 10 அதைவிடப் பயனுள்ளது. தரக்கூடாத பகுதியை மறைத்துவிட்டு மீதியைத் தரச் சொல்கிறது. போதாததற்கு, மானியத் திட்டப் பயனாளிகளின் விவரத்தைக் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது பிரிவு 4. ஒரே வரியில் மறுத்த அலுவலர் இவற்றில் எதையும் எடைபோடவில்லை. பதில் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

மொரப்பூர் மலர்:
பிரிவு 10-ஐத்தான் நானும் கேட்கிறேன். பெயர், வேலை செய்த நாள், கூலி, இவை ஊருக்குத் தெரியட்டும். வங்கிக் கணக்கு எண்ணும் சாதிப் பிரிவும் தேவையில்லை என்று மேல்முறையீட்டில் நீங்களே எழுதுங்கள். அப்படி எழுதினால் எங்கள் பக்கத்துப் பெண்களும் சேர்ந்து கையெழுத்திடுவார்கள். படம் மட்டும் கூடாது. அதைத் தணிக்கைக்கு வருபவர்கள் பார்த்தால் போதும்.

பென்னாகரத்தான்:
கணக்கு எண்ணையும் சாதியையும் நீக்கி எழுதுகிறேன். படத்தை விட மாட்டேன். தணிக்கைக்கு வருபவருக்குச் சாப்பாடு போடுவதே நான் சந்தேகிக்கும் ஆள்தான்.

மொரப்பூர் மலர்:
அப்படியானால் படத்தைத் தனி மனுவாகப் போடுங்கள். அதை எதிர்த்து நான் எழுதுவேன். முதல் மனுவுக்குக் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.