2.88ல எடுத்தாங்களா, ஒளிச்சாங்களா? – ஓப்பன்ஸ்டாக் நோவா

நோவாதாசன்:
நோவான்னா ஓப்பன்ஸ்டாக் கிளவுடுல விஎம்மை (மெய்நிகர் கணினியை) ஹோஸ்ட்ல, அதாவது நிஜ சர்வர்ல, ஏத்தி ஓட்டற மென்பொருள். அதைப் பத்தி நேத்து வேற இழையில ஒருத்தர் எழுதியிருக்கார்: "நோவா ஹோஸ்ட்டோட திறனை வெளிய காட்டாது, ஏபிஐயோட மைக்ரோவெர்ஷன் (குட்டிப் பதிப்பு) 2.88ல சிபியு_இன்ஃபோவையே (சிபியு விவர ஃபீல்டையே) ஒளிச்சுட்டாங்க"ன்னு. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. 2021 வாலபி ரிலீஸ்ல ஹைப்பர்வைசர் ஏபிஐயிலேர்ந்து (ஹோஸ்ட் விவரம் கேட்கற வழி) அந்த ஃபீல்டை எடுத்தது நிஜம். எடுத்தாங்க, ஒளிக்கல. 2017லயே பிளேஸ்மென்ட்டுக்கு (எந்த ஹோஸ்ட்ல என்ன இருக்குன்னு கணக்கு வைக்கற சர்வீஸ்) ட்ரெய்ட் (ஹோஸ்ட்டுக்கு இன்ன வசதி உண்டுன்னு வைக்கற குறி) வந்தாச்சு. இப்ப நோவாவுக்குள்ள விஎம்மை ஓட்டற லிப்வர்ட் டிரைவரே சிபியுவைப் பார்த்து ஏவிஎக்ஸ்2 இருக்கு, ஏவிஎக்ஸ்512 இருக்குன்னு (ரெண்டும் சிபியுவோட வேகக் கணக்கு வசதி) பதிஞ்சு வைக்குது. தெரியாம பேசக் கூடாது.

ரேக்_ராஜா:
எழுதினது நான்தான். "ஒருத்தர்"னு சொல்ல என்ன கூச்சம்? 2.87 வரைக்கும் ஒரே ஏபிஐ அழைப்புல சிபியு மாடல், ஃபீச்சர் பட்டியல், மெமரி எல்லாம் வந்துச்சு. 2.88ல வரல. வந்துக்கிட்டு இருந்தது நின்னுபோனா எங்க ஊர்ல அதுக்கு ஒளிக்கிறதுன்னுதான் பேரு.

சும்மா_வந்தவன்:
ஒரு சந்தேகம். "திறன்"னு ரெண்டு பேரும் எதைச் சொல்றீங்க? இரும்புல இருக்கறதையா, விஎம்முக்குள்ள கிடைக்கறதையா? நோவா செட்டிங்ல சிபியு_மோட் கஸ்டம்னு வச்சு விஎம்முக்குப் பழைய சிபியு மாடல் பேரைக் கொடுத்தா ரெண்டும் ஒண்ணு இல்லையே.

ரேக்_ராஜா:
அதை அப்புறம் பேசலாம். முதல்ல 2.88க்குப் பதில் வரட்டும்.

குபேர்பிரியன்:
எங்க குபேர்நெட்டிஸ்ல (கன்டெய்னர் ஓட்டற மென்பொருள்) நோட் ஃபீச்சர் டிஸ்கவரி போட்டா போதும், நோட்டுக்கு நோட்டு (மெஷினுக்கு மெஷின்) சிபியு வசதி லேபிள் தானே ஒட்டிக்கும். நீங்க இன்னும் ஏபிஐ நம்பருக்கு அடிச்சுக்கிட்டு இருக்கீங்க. 😀

நோவாதாசன்:
வந்துட்டார். ஸ்டோரேஜ் இழையிலயும் இதையேதான் பாடினார். ஐயா, உங்க நோட்டு பாதி பேருக்கு எங்க விஎம்தான். நாங்க விஎம்முக்குள்ள விடற சிபியு ஃபிளாகைத்தான் (வசதிக் குறியைத்தான்) உங்க லேபிள் படிக்குது.

ராஜா சார், ஹைப்பர்வைசர் ஏபிஐ இயல்பா அட்மினுக்கு மட்டும்தான். 2.87லயும் அப்படித்தான். வாடிக்கையாளர் கண்ணுல அது என்னைக்குமே பட்டதில்ல. அப்ப யார்கிட்டேர்ந்து ஒளிச்சாங்களாம்?

ரேக்_ராஜா:
என்கிட்டேர்ந்து. நான்தான் அட்மின்.

நோவாதாசன்:
அட்மின்னா பிளேஸ்மென்ட்டைக் கேளுங்க! ரிசோர்ஸ் புரொவைடரோட (பிளேஸ்மென்ட்ல ஹோஸ்ட்டுக்கு அதான் பேரு) ட்ரெய்ட்டைப் பட்டியல் போடற கமாண்டு ஒண்ணுதான், தட்டத் தெரியாதா? உங்க சொந்த விஷயம் எதையாவது சொல்லணுமா, கஸ்டம்_னு ஆரம்பிச்சு ஒரு ட்ரெய்ட் வைங்க. 2020 விக்டோரியா ரிலீஸ்லேர்ந்து புரொவைடர் யாம்ல் ஃபைல்லயே எழுதலாம். ஃப்ளேவர்ல (விஎம்மோட அளவு வகை) ட்ரெய்ட் ரெக்வயர்ட்னு போட்டா ஷெட்யூலர் (விஎம்முக்கு ஹோஸ்ட் பார்க்கற பகுதி) அந்த ட்ரெய்ட் இருக்கற ஹோஸ்ட்டைத்தான் எடுக்கும். வாடிக்கையாளர் ஃப்ளேவரோட எக்ஸ்ட்ரா ஸ்பெக்கை (கூடுதல் குறிப்பை) பார்த்துத் தெரிஞ்சுக்குவார். எந்த ரேக்ல எந்த சிப்னு அவருக்கு எதுக்கு? பக்கத்து விஎம்மை மோப்பம் பிடிக்கவா?

ரேக்_ராஜா:
கமாண்டு தட்டத் தெரியும் தம்பி. மாடல் பேர் வருதா அதுல? வராது. ட்ரெய்ட் இருக்கு, இல்ல, அவ்வளவுதான். 2.87ல மாடலே வந்துச்சு. 2018 ஜனவரியில மெல்ட்டவுன்கற சிபியு பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்தப்ப என்ன ஆச்சு? பழைய மாடல் பேர் கொடுத்திருந்த விஎம்முக்குப் பிசிஐடி ஃபிளாக் (பேட்ச்சால வர்ற வேகக் குறைவைக் குறைக்கற சிபியு வசதி) போகல, பேட்ச் போட்டதும் மெதுவாகிப் போச்சு. அப்புறம் அவசர அவசரமா சிபியு_மாடல்_எக்ஸ்ட்ரா_ஃபிளாக்ஸ்னு ஒரு ஆப்ஷன், அதுவும் முதல்ல பிசிஐடி ஒண்ணுக்கு மட்டும். அன்னைக்கு ஹோஸ்ட் ஹோஸ்ட்டா மாடலைத் தேடி உக்காந்தவங்களுக்குத்தான் 2.88 எரியும்.

சும்மா_வந்தவன்:
வாடிக்கையாளருக்கு ஒண்ணுமே தெரியாதுங்கறது முழுசா சரியில்ல. 2018 ராக்கி ரிலீஸ்லேர்ந்து இமேஜ்லயும் (விஎம் பூட் ஆகற டிஸ்க் நகல்) ட்ரெய்ட் ரெக்வயர்ட்னு போடலாம். என் இமேஜ்ல ஏவிஎக்ஸ்512 கேட்டு பூட் பண்ணிப் பார்க்கறேன். "நோ வேலிட் ஹோஸ்ட்" வந்தா அனேகமா இல்ல, ஏறினா இருக்கு. கதவைப் பூட்டிட்டு ஜன்னலைத் திறந்து வச்ச மாதிரி.

நோவாதாசன்:
இடம் இல்லாட்டியும் அதே எரர்தான் வரும். அதை வச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது.

குபேர்பிரியன்:
ஏவிஎக்ஸ்512க்கா இவ்வளவு சண்டை? லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸே 2020ல அது செத்து ஒழியட்டும்னார். இன்டெல்லே ஆல்டர் லேக்ல மூடி வச்சான்.

ரேக்_ராஜா:
ஆல்டர் லேக் டெஸ்க்டாப் சிப்பு. டேட்டா சென்டர்ல யார் போடறா? 2022ல ஏஎம்டி ஜென் 4ல சேர்த்ததே, அது மட்டும் கண்ணுல படலையா?

குபேர்பிரியன்:
ஏஎம்டி ரசிகர் மன்றமா? முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

நோவாதாசன்:
ரெண்டு பேரும் வெளிய போய் அடிச்சுக்கோங்க. கேள்வி 2.88. எடுத்தாங்களா, ஒளிச்சாங்களா?

ரேக்_ராஜா:
ஒளிச்சாங்க. ஷெட்யூலர் ஹோஸ்ட்டை வடிகட்டற கம்ப்யூட் கேப்பபிலிட்டீஸ் ஃபில்ட்டர் இன்னும் அதே சிபியு_இன்ஃபோவைத்தான் உள்ளுக்குள்ள படிக்குது. டேட்டாபேஸ்ல இருக்கு, ஏபிஐயில இல்ல. எடுத்தாச்சுன்னா அங்க எதுக்கு உக்காந்திருக்கு?

நோவாதாசன்:
அந்த ஃபில்ட்டரை இன்னும் நம்பி ஓட்டற ஆள்கிட்டயா இவ்வளவு நேரம் பேசிக்கிட்டிருந்தேன்! ட்ரெய்ட்டுக்கு மாறுங்க சார்.

ரேக்_ராஜா:
மாறிப் பார்த்தாச்சு. வேண்டாம்னு ஒரு ஹோஸ்ட்ல ஏவிஎக்ஸ் ட்ரெய்ட்டைக் கையால எடுத்தேன், அடுத்த சுத்துல நோவா-கம்ப்யூட் (ஹோஸ்ட்ல ஓடற நோவா சர்வீஸ்) திரும்பப் போட்டுருச்சு. அட்மின் நானா அதுவா?

நோவாதாசன்:
டிரைவர் போட்ட ட்ரெய்ட் டிரைவருக்குச் சொந்தம். டாக்குமென்ட்ல இருக்கு. படிக்கணும்.

சும்மா_வந்தவன்:
இரும்பா விஎம்மான்னு கேட்டேனே?

ரேக்_ராஜா:
படிச்சுட்டுத்தான் பேசறேன். 2.88க்கு டாக்குமென்ட்ல இருக்கற பத்தியை அப்படியே இங்க ஒட்டுங்க, எல்லாரும் பார்க்கட்டும்.

நோவாதாசன்:
நீங்களே ஒட்டுங்க. சொன்னது நீங்கதானே.