மீள்பரீட்சை நெருங்குகிறது, படிப்பில் மனம் ஒட்டவில்லை: வழிகாட்டல் தேவை

கொழும்பிலுள்ள பல்கலைக்கழகமொன்றில் முகாமைத்துவப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் பயில்கிறேன். மட்டக்களப்பில் உயர்தரத்தைத் தமிழ்மொழி மூலம் கற்று, நல்ல பெறுபேறுகளுடன் வந்த எனக்கு, முதலாம் ஆண்டு இறுதிப் பரீட்சையில் கணக்கீட்டிலும் புள்ளிவிபரவியலிலும் சித்தி கிடைக்காததிலிருந்து படிப்பில் மனம் ஒட்டவில்லை.

வெள்ளவத்தையில் தங்கியிருக்கும் அறையில் மாலையில் கொப்பியைத் திறந்து, திகதியிட்டு, அடிமட்டத்தால் கோடும் கீறிவிடுவேன். அதன்பின் ஒரு வரிகூட ஓடாது. பாடம் புரியாமல் இல்லை, ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரையில் சந்தேகம் கேட்கத்தான் நா எழுவதில்லை. சித்தியடைந்த நண்பர்களைத் தவிர்க்கத் தொடங்கிவிட்டேன் என்பதே அதிகக் கவலை தருகிறது. உறக்கமும் உணவும் வழமைபோலவே உள்ளன.

25 நிமிடம் படித்து 5 நிமிடம் ஓய்வெடுக்கும் முறை தொடங்கிய வேகத்திலேயே நின்றுபோனது. கைத்தொலைபேசியை அறையில் வைத்துவிட்டுப் பொது நூலகத்துக்குச் சென்றபோது ஓரளவு படிக்க முடிந்தது, எனினும் விரிவுரைகள் பிந்தி முடியும் நாட்களில் அது சாத்தியமில்லை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்தேன். பொறுமையாகக் கேட்டார்கள், மனம் இலேசானது, ஆனால் விட்ட பாடத்தை எங்கே தொடங்குவது என்பது அவர்கள் சொல்லக்கூடிய விடயம் அல்லவே. ஊக்கமூட்டும் காணொளிகளைத் தயவுசெய்து பரிந்துரைக்க வேண்டாம். அவற்றின் சூடு தேநீர் ஆறும்வரைகூட நிற்பதில்லை.

மீள்பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதங்கள் உள்ளன. இதே நிலையிலிருந்து மீண்டவர்கள், முதல் இரண்டு வாரங்களில் தினமும் எதை, எவ்வளவு படித்து மீண்டும் வழக்கத்துக்கு வந்தீர்கள்?