‘ஹை-பீட்’டுக்குத் தமிழ்: துடிப்பா, அலைவா?

மீ. (வெள்ளி இரவு)
மடற்குழு நண்பர்களுக்கு வணக்கம். பழைய ஜப்பானிய லேடீஸ் வாட்ச் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். திங்கள் காலை அனுப்பியாக வேண்டும். கிராண்ட் சீக்கோ வரிசையில் 1968இல் வந்த 19ஜிஎஸ் பெண்களுக்கானது, சாவி கொடுக்கும் வகை. மணிக்கு 36,000 ‘பீட்’, அதாவது நொடிக்குப் பத்து. அன்றைய வாட்சுகள் பலவும் 18,000தான். ‘ஹை-பீட்’ என்பதற்கு ‘உயர் அலைவு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

இரா.
சரியில்லை. பள்ளி இயற்பியலில் அலைவு என்றால் போய்த் திரும்பி வருவது. கடிகாரக்காரர்களோ பேலன்ஸ் வீல் (வாட்சுக்குள் இப்படியும் அப்படியும் ஆடும் சக்கரம்) ஒரு பக்கம் போவதையே ஒரு ‘பீட்’ என்று எண்ணுகிறார்கள். ஆக, 36,000 பீட் என்றால் மணிக்கு 18,000 அலைவு, அதிர்வெண் 5 ஹெர்ட்ஸ். ‘36,000 அலைவு’ என்று எழுதினால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் பிடித்துவிடும்.

கு.
துடிப்பு என்று வையுங்கள் அம்மணி. நாடியும் துடிக்கிறது, கடிகாரமும் துடிக்கிறது. நாடி, நாழி, நாழிகை மூன்றுக்கும் வேர் ஒன்றே: குழல். நீர் ஒழுகும் குழல், குருதி ஒழுகும் குழல்.

செ.
நாழிகை வடமொழி ‘நாடிகா’ ஐயா.

கு.
மூங்கில் நாழியில் நெல் அளந்தவனுக்கு வடமொழி எதற்கு? முல்லைப்பாட்டில் குறுநீர்க் கன்னல், அதாவது நீர்க்கடிகாரம், வருகிறதே, பார்த்ததில்லையா? ‘கன்னல்’ என்ற சொல்லையே மீட்டு ‘மிகுகன்னல்’ எனலாம்.

(இதன்மேல் பதினோரு மடல்கள். கரும்பும் கன்னல்தான் என்று ஒருவர் தொடங்கி, வெல்லத்தில் போய் முடிந்தது.)

மீ.
ஐயா, கன்னல் இனிக்கிறது. ஆனால் வாசகிக்குப் புரியாது. ‘விரைதுடிப்பு’ எப்படி?

வே.
வேண்டாங்க. அப்பா வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ‘வேகமா ஓடுது’ என்று வாட்சைக் கொண்டுவந்தால், நேரம் முந்துகிறது என்று அர்த்தம். பாராட்டப் போய்க் குறை சொன்ன கதையாகிவிடும். எச்எம்டியைக் காதில் வைத்தால் டிக், டிக் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். ஹை-பீட்டில் பிரித்துக் கேட்க முடியாது, அரிசி களைகிற மாதிரி ஒரே சரசரப்பு. ‘நெருக்க அடி’ என்பார் அப்பா.

இரா.
பெண்கள் வாட்ச்சில் அந்த நெருக்கத்துக்குக் கூடுதல் மதிப்பு. இயந்திரம் சிறியது, பேலன்ஸ் வீலும் சிறியது. கை அசைவில் ஆட்டம் கலைந்தால், அடிகள் நெருங்கி வருவதால் சீக்கிரம் நிலைக்குத் திரும்பும். அதற்கு விலையும் உண்டு: வாட்சை ஓட்டும் மெயின் ஸ்ப்ரிங் வலுவாக இருக்க வேண்டும், தேய்மானமும் எண்ணெய்ச் சிக்கலும் கூடும்.

செ.
‘அடர்துடிப்பு’?

இரா.
துடிப்பு உயிருள்ளதற்கு. 1969 டிசம்பர் 25இல் வந்த சீக்கோவின் அஸ்ட்ரான் குவார்ட்ஸ் வாட்ச், பேட்டரியில் ஓடுவது, அதன் படிகம் அதிர்வது 8,192 ஹெர்ட்ஸ். அதையும் துடிப்பு என்பீர்களா?

மீ. (ஞாயிறு இரவு 11.40)
இன்னும் குவார்ட்ஸுக்கு வரவில்லை ஐயா. ‘அடர்துடிப்பு’ என்றே அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘நொடிக்குப் பத்துத் துடிப்பு’ என்று விளக்கம். நான்கு பேர் ஆதரவு, இரண்டு பேர் மறுமொழி தரவில்லை.

வே.
‘நெருக்க அடி’யை ஒரு இடத்திலாவது சேருங்கள்.

கு.
என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். நாழி தமிழே. சான்றுகள் நாளை.