மேக் ஃபில்டர் போட்ட பிறகு மகளின் போன் மட்டும் வைஃபையில் சேரவில்லை

கேள்வி – தலவாக்கலை

வணக்கம். தோட்டத்தில் லயத்து வீட்டில் (ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் வீடுகள்) இருக்கிறோம், 4ஜி ரவுட்டர். மாதம் முடிய பத்து நாள் இருக்கும்போதே டேட்டா தீர்ந்துவிடுகிறது. ரவுட்டர் செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தால் ஒன்பது போன் இணைந்திருக்கிறது, எங்களுடையது மூன்றுதான். கொரோனா காலத்தில் பக்கத்துக் காம்பரா (வீட்டு அறை) பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்குக் கொடுத்த பாஸ்வேர்ட், லயம் முழுக்கப் போய்விட்டது போல.

அதனால் மேக் ஃபில்டர் போட்டேன், அதாவது நாம் எழுதிக் கொடுக்கும் மேக் எண் உள்ள போன்களை மட்டும் ரவுட்டர் சேர்க்கும். ஒவ்வொரு போனிலும் 'போனைப் பற்றி' என்ற இடத்தில் இருந்த எண்ணைப் பார்த்து எழுதினேன். எங்கள் இரண்டு பழைய போனும் சேருகின்றன, மகளின் புதுப் போன் சேரவில்லை. மூன்று தரம் சரிபார்த்துவிட்டேன். அவளுக்கு உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது. பக்கத்துப் பிள்ளையும் அதே வகுப்பு. அவளை நிறுத்த எனக்கு மனமில்லை.

பதில் – பண்டாரவளை

அண்ணா, நீங்கள் எழுதிய எண் சரிதான். ஆனால் போன் அந்த எண்ணைச் சொல்லி ரவுட்டரிடம் போவதில்லை. ஆண்ட்ராய்ட் 10 வந்ததிலிருந்து, ஒவ்வொரு வைஃபைக்கும் போனே ஒரு பொய் எண்ணை உண்டாக்கிக்கொள்கிறது. ஐபோனில் 2020இல் ஐஓஎஸ் 14உடன் வந்தது. வைஃபை பெயரைத் தொட்டு, பிரைவசி என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே காட்டும் எண்ணின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), ஈ (E) இவற்றில் ஒன்றாக இருந்தால் அது உண்டாக்கிய எண். 'போனின் மேக்' என்று மாற்றினால் சேரும்.

பதில் – ஹட்டன்

அது சரி, ஆனால் மேக் ஃபில்டரை நம்பி இருக்காதீர்கள். அனுமதி பெற்ற போனின் எண் காற்றிலேயே தெரியும், யாரும் அதைப் போட்டுக்கொள்ளலாம். பாஸ்வேர்டை மாற்றுவதுதான் பூட்டு. வைஃபை பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 (WPA2), ஏஇஎஸ் (AES) என்று வையுங்கள். டிகேஐபி (TKIP) என்ற பழைய முறை வேண்டாம், பாதுகாப்பும் குறைவு, வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது.

முக்கியமாக டபிள்யூபிஎஸ்ஸை (WPS, பாஸ்வேர்ட் இல்லாமலே சேர விடும் வசதி) நிறுத்துங்கள். அதன் பின் நம்பர் (PIN) எட்டு இலக்கம் என்றாலும், ரவுட்டர் அதை இரண்டு பாதியாகச் சோதிப்பதால் 11,000 தடவைக்குள் பிடித்துவிடலாம். 2011இலேயே வெளியான ஓட்டை இது. எத்தனை பாஸ்வேர்ட் மாற்றினாலும் அது திறந்திருந்தால் பயனில்லை. ரவுட்டருக்குள் போகும் பாஸ்வேர்ட் 'அட்மின்' என்றே இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

பக்கத்துப் பிள்ளைக்கு கெஸ்ட் வைஃபை (அதே ரவுட்டரில் விருந்தாளிகளுக்கான தனி வைஃபை) திறந்து தனிப் பாஸ்வேர்ட் கொடுங்கள். வெளியே பரவினால் அதை மட்டும் மாற்றலாம், உங்கள் போன்களைத் தொட வேண்டியதில்லை.

தலவாக்கலை

இரண்டு பேருக்கும் நன்றி. மகளின் போனில் இரண்டாவது எழுத்து ஏ! மாற்றியதும் உடனே சேர்ந்தது. டபிள்யூபிஎஸ் திறந்துதான் இருந்தது, நிறுத்திவிட்டேன். புதுப் பாஸ்வேர்ட் போட்டு மேக் ஃபில்டரையும் எடுத்துவிட்டேன். ஆனால் இரவு ஏழு மணிக்கு மேல் இன்னும் இழுக்கிறது. ஒரே கூரைக்குள் எத்தனையோ ரவுட்டர்.

பதில் – ஹட்டன்

2.4 கிகாஹெர்ட்ஸில் சானலை 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றாக வையுங்கள், மற்றவை பக்கத்து அலையோடு மோதும். சானல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். அப்புறம் தகரக் கூரை டவர் சிக்னலைத் தடுக்கும், ரவுட்டரை டவர் பக்க ஜன்னலில் வைத்துப் பாருங்கள்.

தலவாக்கலை

சானல் 6ஐ மாற்றி 11 போட்டு, ஜன்னலில் வைத்தேன். நேற்று இரவு இரண்டு பிள்ளைகளும் வகுப்பை முழுதாகப் பார்த்தார்கள். இப்போது இணைந்திருப்பது நான்கு போன்.