புதுப்பிப்பு: சைக்கிளில் போன சித்தப்பா மீது பைக் மோதிய வழக்கு முடிந்தது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. தெரியாதவர்களுக்கு: காரைக்குடி – தேவகோட்டை சாலையில் சாயங்காலம் சைக்கிளில் வந்த சித்தப்பாவைப் பின்னால் வந்த பைக் மோதி கால் முறிந்தது, பைக்காரரோ "சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லை, நீங்கள்தான் பணம் தரவேண்டும்" என்று நின்றார். என்ன செய்வது என்று இங்கே கேட்டிருந்தேன்.

சைக்கிள் மோட்டார் வாகனமே இல்லை, அதற்குக் காப்பீடு கட்டாயமும் இல்லை. பைக்குக்குத்தான் மூன்றாம் நபர் காப்பீடு (வண்டியால் பாதிக்கப்படும் வெளியாருக்கு நஷ்டஈடு தருவது) கட்டாயம், சைக்கிளில் போகிறவரும் அந்த மூன்றாம் நபர்தான். பலன் தந்தது வழக்கறிஞர் அண்ணன் சொன்ன வழி: முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ், மருத்துவ பில்களோடு மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில் மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் மனு. விபத்து நடந்து 6 மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும், 2022 ஏப்ரலிலிருந்து இதுதான் விதி. நாம் வசிக்கும் ஊர்ப் பக்கமே போடலாம் என்பதால் அலைச்சல் இல்லை.

எதிர்பாராதது ஒன்று. சைக்கிளில் பின் விளக்கோ ரிஃப்ளெக்டரோ இல்லை என்று காப்பீட்டுக் கம்பெனி பிடித்துக்கொண்டது. சித்தப்பா மீதும் பங்குத் தவறு (விபத்துக்கு அவரும் ஒரு காரணம்) என்று வாதாடியதால் தொகை கொஞ்சம் குறைந்துதான் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) சமரசமானது. அங்கே முடிந்தால் மேல்முறையீடு கிடையாது, அதனால் கையெழுத்துப் போடுமுன் தொகையை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தவறு முழுக்க சைக்கிள்காரர் மேல் என்று நிரூபணமானால் அவர் சொந்தப் பணத்திலிருந்து நஷ்டஈடு தர வேண்டி வரும். இங்கே அப்படி இல்லை, பைக்காரரும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். சித்தப்பா இப்போது நடக்கிறார்.