டாட்ஜ், பர்ன்: தூரிகைக் கருவிகளுக்குத் தமிழ்ப் பெயர்

அனைவருக்கும் வணக்கம்.
படத்திருத்த மென்பொருளின் மொழிபெயர்ப்பில் இரண்டு சொற்கள் நிலுவை: டாட்ஜ், பர்ன். கோப்பை வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். டாட்ஜ் தூரிகை பட்ட இடத்தை வெளிச்சமாக்கும், பர்ன் இருட்டாக்கும். பர்னுக்கு ‘எரி’ என்று இட முடியாது. குறுவட்டில் பதிவதற்கு அது புழங்கிவிட்டது.
– ம.

இவை இருட்டறையில் பிறந்த சொற்கள், அங்கிருந்தே வருவோம். என்லார்ஜரில் (படத்தைப் பெரிதாக்கித் தாளில் வீழ்த்தும் கருவி) நெகட்டிவை வைத்துத் தாளுக்கு 20 நொடி ஒளி தருகிறோம். ஒளி கூடக் கூடத் தாள் கறுக்கும். முகம் கறுத்து விழுகிறதென்றால், மெல்லிய கம்பியில் ஒட்டிய அட்டைத்துண்டால் அங்கே 5 நொடி ஒளியை மறைக்கிறோம். இதுவே டாட்ஜ். அட்டை அசைந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் முகத்தைச் சுற்றி விளிம்பு தெரியும். வானம் வெளுத்திருந்தால் துளையிட்ட அட்டை வழியே அதற்கு மட்டும் இன்னொரு 20 நொடி. இது பர்ன். ஒளி இருமடங்காகும், அதாவது ஒரு ஸ்டாப் கூடும்.

ஆகவே முதலாவது ‘ஒளித்தல்’. ஒளி பெயராக நின்றால் வெளிச்சம், வினையாக நின்றால் மறைவு. ஒளியை ஒளிக்கும் செயலுக்கு இந்தச் சொல் காத்துக்கிடந்தது போலிருக்கிறது! இரண்டாவது ‘கருக்கல்’. கருகு தன்வினை, கருக்கு பிறவினை. தீயும் கருமையும் ஒரே சொல்லில். அந்திக் கருக்கலும் துணைக்கு வருகிறது.
– இரா.

> முதலாவது ‘ஒளித்தல்’

கருக்கல் அருமை. ஒளித்தல் வேண்டாம் ஐயா. பொத்தானில் ‘ஒளி’ என்று கண்டால் பாதிப் பேர் அடுக்கு (லேயர்) மறையும் என்பார்கள், மீதிப் பேர் விளக்கு என்பார்கள்.

கையின் செயலை வைத்துப் பெயரிடுவதே இங்கே சிக்கல். ஸ்லைடிலிருந்து (நெகட்டிவாக இல்லாமல் நேர்ப்படமாகவே இருக்கும் படச்சுருள்) நேரே அச்சிட முன்பு பயன்பட்ட சிபாகுரோம் தாளில் ஒளியை மறைத்தால் அந்த இடம் கறுத்தது. மென்பொருளில் அட்டையே இல்லை, படப்புள்ளியின் மதிப்புதான் உயர்கிறது. ஸ்கேன் செய்த நெகட்டிவைத் தலைகீழாக்கும் முன் டாட்ஜ் தேய்த்தால், தலைகீழாக்கிய பின் அதே இடம் இருளும். விளைவைச் சொல்லுங்கள்: ‘வெளுத்தல்’.
– செ.

வெளுப்பு ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்டது. வண்ண நெகட்டிவைக் கழுவும் சி-41 முறையில், படத்தைத் தோன்றச் செய்யும் உருத்துலக்கிக்கு அடுத்த ரசாயனம் வெளுப்பான், வெள்ளியைத் திரும்ப உப்பாக்குவது அதன் வேலை. ‘வெளிற்றல்’ சரிவருமா? மாறு–மாற்று போல வெளிறு–வெளிற்று.
– ம.

வெளிறு என்றால் வைரம் பாயாத மரம். குறளில் அறியாமை. ஒரு நல்ல கருவிக்கு இந்தப் பெயரா?
– இரா.

அளவு மீறினால் படத்திலும் வைரம் போய்விடுகிறதே! நிழல் பகுதியில் 50 விழுக்காட்டு வலிமையில் தேய்த்தால் கருமை சாம்பலாகும், இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிக் கலக்கம்) மேலே வரும். 50 விழுக்காட்டுச் சாம்பல் நிரப்பிய தனி அடுக்கை ஓவர்லே முறையில் (நடுச்சாம்பல் கீழே உள்ள படத்தை மாற்றாத கலப்பு முறை) வைத்து, 5 முதல் 10 விழுக்காட்டு வெள்ளைத் தூரிகையால் பல தடவை தீட்டுவதே பாதுகாப்பு. தவறினால் அந்த அடுக்கை மட்டும் அழிக்கலாம். பெயரே எச்சரிக்கட்டும்.
– செ.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. கருக்கலுக்கு மறுப்பில்லை. வெளிற்றலுக்கு நான்கு பேர், ஒளித்தலுக்கு ஒருவர். ஏவலாக ‘வெளிற்று’, ‘கருக்கு’ என்று இட்டு, உதவிக்குறிப்பில் டாட்ஜ், பர்ன் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.
– ம.

மென்பொருளுக்கு ஏற்கிறேன். இருட்டறைக் கையேட்டில் ஒளித்தல் என்றே எழுதுவேன். அட்டையைப் பிடித்து நிற்பவரிடம் ‘வெளிற்று’ என்றால் கையை எங்கே வைப்பார்? ‘ஸ்டாப்’ இன்னும் ஸ்டாப்பாகவே நிற்கிறது. ‘படி’ போதுமா என்று தனி இழையில் கேட்கிறேன்.
– இரா.